வெளிச்சம் ஒழுகாது

விரல் கணுவில் ஊசி போட்டுக்கொண்ட எவரும் உங்களை அவ்வளவு எளிதில் மன்னிக்க மாட்டார்கள். தோல் நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் உண்மை இதுதான். இரண்டாவது உண்மை, மன்னிக்காவிட்டாலும் அடுத்த மாதம் அவர்கள் திரும்பி வருவார்கள். வெண்புள்ளி முதுகில் வந்தால் சட்டை இருக்கிறது, காலில் வந்தால் கணுக்கால்வரை சிலுவார் இருக்கிறது. கையில் வந்தால் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? காசு கொடுக்க, காப்பி வாங்க, வணக்கம் சொல்ல, எல்லாவற்றுக்கும் அதுதானே முன்னால் போகிறது.

உங்கள் துறைத் தலைவர் சென்ற வாரம் என்னை அழைத்தார். "ரிட்டயர் ஆகிட்டீங்க, சும்மாதானே இருக்கீங்க, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. நான் பெற்றது விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்பதில் மட்டும் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வீட்டில் பகல் முழுவதும் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஓய்வை ரத்து செய்ய மனு போட முடியுமா என்று கேட்டவள் அவள்தான்.

சரி, கைக்கு வருவோம். கையில் வரும் வெண்புள்ளி பிடிவாதக்காரன். தோலுக்கு நிறம் திரும்புவது பெரும்பாலும் மயிர்க்கால்கள் வழியாக. நிறம் தரும் செல்கள் அங்கேதான் பதுங்கியிருக்கும். முகத்தில் மயிர்க்கால்கள் தாராளம், புறங்கையில் கஞ்சத்தனம், விரல் நுனியில் ஒன்றுகூடக் கிடையாது. வெறும் வெளிச்சத்துக்குக் கை பெரும்பாலும் அசைந்து கொடுக்காது. ஊசியை மட்டும் நம்பிக் கூடுதலாகப் போட்டால் நிறம் வருவதற்கு முன் தோல் மெலிந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தோம். சில வாரங்களுக்கு ஒரு முறை புள்ளிக்குள் துளித்துளியாக ஊசி மருந்து, நடுவில் வாரம் இரண்டு முறை புற ஊதா வெளிச்சம். நிறத்தைத் தின்னும் சண்டையை ஊசி அடக்கும், தூங்கும் செல்லை வெளிச்சம் தட்டி எழுப்பும். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அழகை நம்பித்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம். அளவும் இடைவெளியும் உங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

எனக்கு மேலே இருந்த மருத்துவர் ஒரு சீன அம்மையார். சிரிக்கவே மாட்டார். நான் சிரித்தால் என்ன வேடிக்கை என்று கேட்பார். அதற்குப் பிறகு எதுவுமே வேடிக்கையாக இருக்காது. கையைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் கேட்டேன். தனலெட்சுமியிடமும் கேட்டேன். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

தனலெட்சுமி, எல்லாருக்கும் தனம், கிள்ளான் நகரத்துக்குத் தைப்பூசக் களைப்பு தீராத ஒரு காலையில் என் அறைக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை.

"என்னம்மா, பேண்டு வாத்தியமா?" என்று கேட்டேன். என் நகைச்சுவையின் உயரம் அவ்வளவுதான்.

"ஆமா டாக்டர். ட்ரம்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இரண்டு கைகளும் புறங்கையிலிருந்து விரல் நுனி வரை இடியாப்ப மாவில் தோய்த்து எடுத்ததுபோல் இருந்தன. என்ன வேலை என்று கேட்டேன்.

"பொடவக் கட டாக்டர். நம்ம லிட்டில் இந்தியாவுலதான். கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து முன் கவுண்டர்ல நிக்கிறேன்."

"இந்தக் கையுறை?"

"பாஸ் குடுத்தது. ஒரு ஆன்ட்டி காஞ்சிபுரம் எடுக்க வந்துச்சு. 'இந்தப் பொண்ணு தொட்டது வேணாம், உள்ளேர்ந்து புதுசு எடு'ன்னுச்சு. உள்ளேர்ந்து வந்ததும் நான் தொட்டு மடிச்சு வச்சதுதான். அது அந்த ஆன்ட்டிக்குத் தெரியல."

"ஒட்டுற வியாதி இல்லன்னு உங்க பாஸுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும் லா. 'கஸ்டமருக்குத் தெரியாதே தனம்'ங்கிறாரு. நல்ல மனுஷன்தான் டாக்டர். அதான் பிரச்சன. கெட்டவனா இருந்தா நாலு வார்த்த கேட்டுட்டு வந்திருப்பேன்." கையுறையை ஒரு விரலால் தள்ளினார். "பட்டு கையில பட்டாத்தான் அதோட கனம் தெரியும். இதப் போட்டுக்கிட்டுப் பொடவ காட்டுறது, மூக்க அடச்சுக்கிட்டுக் கறி ருசி பாக்குற மாதிரி."

தீபாவளிக்குள் கை சரியாகிவிடுமா என்று கேட்டார். கை என் பேச்சைக் கேட்காது, விரல் நுனி யார் பேச்சையும் கேட்காது என்று சொன்னேன். "முயற்சி பண்ணலாம்" என்ற சொல்லை நாம் எவ்வளவு முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். அன்றும் சொன்னேன்.

முதல் ஊசிக்குத் தனம் ஒரு சத்தமும் போடவில்லை. எனக்குத்தான் வியர்த்தது. இரத்தப் பரிசோதனைக்கு என் கையை நீட்டினால் கண்ணை மூடி மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளும் பரம்பரை நான். ஏழாவதோ எட்டாவதோ குத்தின்போது தனம் கேட்டார். "டாக்டர், நீங்க ஏன் மூச்ச அடக்குறீங்க? குத்து எனக்குத்தானே?"

வெளிச்சம் கொடுத்தவர் எங்கள் பிரிவின் நர்ஸ், மிஸ்ஸி கிரேஸ். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த மெத்தடிஸ்ட் கிறிஸ்தவர். ரொட்டி சுடும் பெட்டியை இரண்டு மடங்காக்கியது போன்ற ஒரு கருவி, அதற்குள் நோயாளி கையை விட வேண்டும். நேரத்தைப் பார்ப்பதில் மிஸ்ஸி ரயில்வேக்காரர் மகள் என்பது தெரியும். தாமதமாக வந்தால் வண்டி போய்விட்டது, அடுத்த வண்டி அடுத்த முறைதான். தனம் ஒரு நாளும் வண்டியைத் தவறவிட்டதில்லை. செவ்வாய் காலை, பிறகு வெள்ளி மத்தியானம். காப்பாரிலுள்ள வீட்டிலிருந்து மோட்டோ சைக்கிளில் வந்து, கையைக் காட்டிவிட்டு, அப்படியே கடைக்குப் போய்விடுவார்.

நான்கைந்து மாதங்களில் புறங்கையில் நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது. கடுகு தாளித்துத் தெறித்ததுபோல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தனம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டாக்டர் இது, புட்டா வச்ச பொடவ மாதிரி இருக்கு? ப்ளெய்னா குடுக்க முடியாதா?"

"முதல்ல புட்டா, அப்புறம்தான் ப்ளெய்ன்."

"கரை?" என்று விரல் நுனியைக் காட்டினார்.

"கரைக்கு நூல் இல்ல" என்றேன். அவருக்குப் புரிந்தது.

அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் நெருங்கியபோது கடை முதலாளி ஒரு கெடு வைத்தார். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் கை பார்க்கும்படி ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் தனம் மாடி ஸ்டோருக்குப் போய்விட வேண்டியது. அங்கே புடவைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டலாம், மடிக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். முதலாளி இதையும் அன்பாகத்தான் சொன்னாராம். தனம் என்னிடம் சொல்லும்போது குரலை ஏற்றவில்லை, இறக்கவும் இல்லை. "மேல ஏர்கான் நல்லாருக்கும் டாக்டர்" என்றார், அவ்வளவுதான். முன் கவுண்டர் போய்விட்டால் அவருக்கு என்ன மிச்சம் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தனத்தின் கை சிவந்திருந்தது. நல்ல சிவப்பு. தொட்டால் சுட்டது.

வெளிச்சம் கூடிவிட்டால் கை சிவக்கும், அது உங்களுக்கும் தெரியும். நான் நேராக மிஸ்ஸியிடம் போனேன்.

"மிஸ்ஸி, வெள்ளிக்கிழம நேரம் கொஞ்சம் கூடிப்போச்சா?"

மிஸ்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டர், என் மாமனார் செத்துட்டாருன்னு ஃபோன் வந்தப்பகூட நான் டைமர் அடிக்கிறவரைக்கும் நின்னுட்டுத்தான் அழுதேன்."

மாமனாரே சாட்சிக்கு வந்தபிறகு நான் என்ன பேசுவது? வெளிச்சத்தின் அளவைக் குறைத்து எழுதினேன். கருவி விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் பெட்டிக்குள் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் ஓகே பாஸ் என்றார். மிஸ்ஸி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. காப்பி மட்டும் வந்தது, சீனி இல்லாமல்.

அடுத்த செவ்வாய் இன்னும் மோசம். கொப்புளம். வலது கையில் கணுவிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு கோடு ஓடியது, கோட்டின் முடிவில் ஒரு சொட்டுபோல் திரண்டு நின்றது. அதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். விளக்குக் குழல்களில் ஒன்று ஏறுமாறாக எரிகிறது என்று ஒரு விளக்கமும் கண்டுபிடித்தேன். மீட்டர் சரி என்கிறதே என்று மிஸ்ஸி கேட்டதற்கு, மீட்டரையும் சந்தேகிக்க வேண்டும் என்று விஞ்ஞான மனப்பான்மை பற்றிச் சிறு உரை நிகழ்த்தினேன். படித்தவனுக்கு இது ஒரு வசதி, தப்பான காரணத்தையும் இலக்கண சுத்தமாகச் சொல்ல முடியும்.

வெளிச்சத்தை அடியோடு நிறுத்தினேன். ஊசியையும் தள்ளிப் போட்டேன். களிம்பு போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினேன். கட்டுக் கையோடு புடவை காட்ட முடியுமா? தனம் அன்றே மாடிக்கு அனுப்பப்பட்டார். அதாவது கெடு முடிவதற்கு முன்பே, என் சிகிச்சையின் தயவில்.

அதற்கு அடுத்த செவ்வாய், வெளிச்சம் படாத கையில், புதிதாக இரண்டு கோடுகள்.

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை அறிந்தவர்கள் இதன் கனத்தைப் புரிந்துகொள்வார்கள். கருவியின்மேல் பழியில்லை, மிஸ்ஸியின்மேல் பழியில்லை. ஊசி போட்டு எத்தனையோ வாரமாயிற்று. பிறகு என்னதான் சுடுகிறது? அப்போது எனக்கு ஒரு வாக்கியம் ஆறுதலாக வந்து நின்றது. "இந்தச் சிகிச்சை உங்க தோலுக்கு ஒத்துக்கலம்மா." இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் நம் தொழிலில் கிடையாது. குற்றம் மருந்திலும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை, தோலில் இருக்கிறது. தோல் மறுத்துப் பேசாது. வெள்ளிக்கிழமை அவரை வரச் சொல்லி, இதைச் சொல்லி, முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுவரை யோசித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை தனம் வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் கட்டு இல்லை.

"கட்டு எங்கம்மா?"

"கோயில்ல அவுத்தேன் டாக்டர். கட்டோட எப்படிச் சாமி காரியம் பாக்குறது?" என்றவர் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இது உங்களுக்கு. என் கை எரிஞ்சதுல நீங்க ரொம்ப வாடிப்போய்ட்டீங்க. அதான் இன்னிக்கு உங்க பேருக்கும் சேத்து ஒரு வெளக்கு ஏத்துனேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த முகம் கலைந்துபோயிற்று.

"விளக்கா? எதுல?"

"எலுமிச்சங்காயிலதான். துர்க்கைக்கு ராகு காலத்துல வேற எதுல ஏத்துவாங்க? என்ன டாக்டர், நீங்க தமிழாளுதானே?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழத்தை இரண்டாக நறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டு, தோலை உள்பக்கம் வெளியே வரும்படி கிண்ணமாகத் திருப்பி, நெய்யும் திரியும் இட்டு ஏற்றும் விளக்கு அது. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் எந்த அம்மன் கோயிலிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏற்றுவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். மனைவியின் செருப்புக்குக் காவலாக நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன்.

"எப்பலேர்ந்து ஏத்துறீங்க?"

"பாஸ் ஸ்டோருக்குப் போன்னு சொன்னாருல்ல, அந்த வாரத்துலேர்ந்து. மொதல்ல ரெண்டு. கை செவந்ததும் அஞ்சாக்குனேன். கொப்புளம் வந்ததும் ஒம்போது."

"யார் பிழியறது?"

"நான்தான். நேந்துக்கிட்டது நானாச்சே."

"பிழிஞ்சதும் கை கழுவுவீங்களா?"

"வெளக்கேத்துன கைய யாராச்சும் கழுவுவாங்களா? கண்ணுல ஒத்திக்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மோட்டோதான். காப்பார்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள வெயில் மண்டயப் பொளந்துரும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மோட்டோ கைப்பிடியைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தேன். புறங்கை இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. பழத்தை உயர்த்திப் பிடித்துப் பிழிந்தால் சாறு கணுவில் இறங்கி மணிக்கட்டை நோக்கி ஓடும். முடிவில் ஒரு சொட்டாகத் திரளும்.

வெளிச்சம் ஒழுகாது. ஒழுகுவது சாறு. அந்தக் கோட்டை இரண்டு செவ்வாய்க்கிழமை உற்றுப் பார்த்தும் இது எனக்குத் தோன்றவில்லை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் நல்ல வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், ஓரிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும் என்பது நமக்கெல்லாம் படிக்கும் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நிறமில்லாத தோலுக்கு அது இன்னும் சுலபம், தடுக்க ஆள் இல்லை. ஆரம்ப வாரங்களில் அதே மத்தியானம் எங்கள் பெட்டிக்குள்ளும் அந்தக் கை போயிருக்கிறது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸி கிரேஸ், "ஏசுவே" என்றார். பிறகு, "அப்ப என் பெட்டி மேல தப்பில்ல" என்றார். இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி இல்லை.

தனத்துக்கு நான் மெல்ல விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்தபிறகு அவர் மேசைமேலிருந்த பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அம்மாதான் என் கைய எரிச்சாளா?"

இளையவர்களே, பரீட்சையில் இந்தக் கேள்வி வராது. ஆமாம் என்று தலையாட்டினால் அவர் நம்புவது ஒன்று உடையும், அல்லது என்னிடம் வருவது நிற்கும். இரண்டாவதுதான் நடக்கும், அம்மனோடு போட்டிபோட்டு ஜெயித்த டாக்டரை நான் பார்த்ததில்லை. இல்லை என்று மழுப்பினால் அடுத்த வெள்ளி ஒன்பது பதினொன்றாகும்.

"அம்மா இல்ல" என்றேன். "எலுமிச்சையும் வெயிலும். ரெண்டையும் ஒண்ணா மோட்டோல ஏத்திக்கிட்டு வந்தது நீங்க."

அவர் உதடு லேசாக வளைந்தது. அந்தத் தைரியத்தில் நான் மடத்தனமான அடுத்த அடியை வைத்தேன். "வேண்டுதல நிறுத்த வேணாம். மெல்லிசா ஒரு ரப்பர் கையுறை தர்றேன், அதப் போட்டுக்கிட்டுப் பிழிஞ்சீங்கன்னா..."

தனம் நிமிர்ந்து பார்த்தார். "கடையில பாஸ் முன்னாடி கையுற. கோயில்ல அம்மா முன்னாடியும் கையுறயா டாக்டர்?"

மிஸ்ஸி தரையைப் பார்த்தார். நான் பழத்தைப் பார்த்தேன். கழற்றி மேசைமேல் வைத்த அந்த வெள்ளைக் கையுறையை நான் முதல் நாளே பார்த்தவன். பேண்டு வாத்தியம் என்று சிரித்தவன். சாமியிடமாவது வெறுங்கையோடு போக வேண்டும் என்று ஒருவர் நினைப்பதற்கு என்னிடம் என்ன மாற்று மருந்து இருக்கிறது?

நேரம் வாங்குவதற்காக எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். யோசிப்பதுபோல் தெரிய வேண்டுமென்றால் ஜன்னல்தான் நல்ல இடம். கீழே மோட்டோ நிறுத்துமிடத்தில் ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார். நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, நீண்ட கையை இழுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தார். விரல்கூட வெளியே தெரியவில்லை.

திரும்பினேன். "உங்க வீட்டுக்காரருக்கு ஜாக்கெட் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"கை நீளமா?"

"அவருக்குக் கை கொரங்கு மாதிரி டாக்டர். அத நான் போட்டா என் கை உள்ளயே காணாமப் போயிரும்."

"அதான் வேணும். அத மாட்டிக்கிட்டு வாங்க. கையுற இல்ல, ஜாக்கெட்டு."

அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கழுவாமல் விடக் கூடாதே. விளக்கேற்றிய கையைக் கழுவுவது என்றதும் மறுபடி முகம் இறுகியது.

"அம்மாவுக்கு அபிஷேகத்துல எலுமிச்சஞ்சாறு ஊத்துவாங்களா?" என்று கேட்டேன்.

"ஊத்துவாங்க."

"ஊத்திட்டு அப்படியே விட்டுருவாங்களா? அதுக்கு மேலயே பட்டுப் பொடவ கட்டிருவாங்களா?"

"சேச்சே. நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவி, தொடச்சிட்டுத்தானே..." தனம் பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். மிஸ்ஸியைப் பார்த்தார். "டாக்டர், நீங்க லாயருக்குப் படிச்சிருக்கலாம்."

என் பணிக்காலத்தில் ஒரு நோயாளியிடம் நான் ஜெயித்த வாதம் அது ஒன்றுதான். பிழிந்ததும் கோயில் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது, பிறகு விளக்கை ஏற்றிக் கும்பிடுவது, பிறகு ஜாக்கெட். புண் ஆறியபின் வெளிச்சத்தைத் திங்களுக்கும் வியாழனுக்கும் மாற்றுவது, வெள்ளிக்கிழமை முழுவதும் அம்மனுக்கே. ஒப்பந்தம் முடிந்தது. மேசைமேலிருந்த பழத்தை மிஸ்ஸி எடுத்துப்போய் ஐஸ் போட்டு எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் கலக்கினார். சீனி இருந்தது. மெத்தடிஸ்டுகள் துர்க்கையின் பழத்தைக் குடிக்கலாமா என்று கேட்டேன். "கழுவிட்டேன் டாக்டர்" என்றார்.

அடுத்த செவ்வாய் புதிய கோடு இல்லை. அதற்கு அடுத்த செவ்வாயும் இல்லை. புண் ஆறியது, வெளிச்சம் திரும்பியது, அதற்குப் பிறகு ஊசியும். மூச்சை அடக்கிக்கொண்டு நானும்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நடந்தது முழுவதும் நல்லதல்ல. வெந்த இடங்களில் ஒன்று ஆறும்போது, முன்பு நிறமாக இருந்த தோலில் புதிதாக வெள்ளை விழுந்தது. காயம் பட்ட இடத்தில் வெண்புள்ளி குடியேறும் என்பதும் நீங்கள் படித்ததுதான். தீபாவளிச் சரக்கு வந்தபோது தனத்தின் புறங்கையில் பாதி புட்டா, பாதி வெள்ளை. விரல் நுனிகள் சொன்னபடி அசையவில்லை. நான் கெடுவுக்குள் முடிக்கவில்லை. முன்னைவிட இப்போதுதான் கை கண்ணில் படும்படி இருந்தது என்று சொன்னாலும் பொய்யாகாது. அந்த மாதம் தனக்கு வேலை அதிகம் என்று மட்டும் தனம் சொன்னார். மாடியில் என்ன வேலை அதிகம் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் துணிவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மனைவி என்னைக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கார் நிறுத்த இடம் தேடியதிலேயே என் பக்தி பாதி கரைந்துவிட்டது. கூட்டம் நெரிந்தது, ஒவ்வொரு கடையும் போட்டிபோட்டுக்கொண்டு பாட்டு. மனைவி ஒரு கடைக்குள் நுழைந்தாள். பெயர்ப் பலகையைப் பார்த்தபிறகுதான் எந்தக் கடை என்று தெரிந்தது. படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது, மேலே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று.

தேட வேண்டியிருக்கவில்லை. முன் கவுண்டரில் தனம் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஒரு மயில்நிறப் பட்டு விரிந்து கிடந்தது, அதன்மேல் இரண்டு கைகள், வெறும் கைகள்.

"டாக்டர்! வாங்க வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. பாஸ், நம்ம ஊசி டாக்டர் வந்திருக்காரு!"

கல்லாவிலிருந்து ஒரு மனிதர் சங்கடமாகச் சிரித்தார். நல்ல மனிதர் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

"கையுறை?" என்று கேட்டேன், தாழ்ந்த குரலில்.

"அம்மா முன்னாடி போட மாட்டேன்னு உங்ககிட்டச் சொன்னேன்ல? வீட்டுக்குப் போயி யோசிச்சேன். அம்மாவுக்கே வெறுங்கை, இவருக்கு மட்டும் என்ன லா?" தனமும் குரலைத் தாழ்த்தினார், ஆனால் கல்லாவுக்குக் கேட்கும் அளவுக்கு. "கட்டு அவுத்த அன்னிக்கே மாடியிலேர்ந்து எறங்கி வந்தேன். 'பாஸ், இதுதான் கை. கவுண்டர்ல நிக்கவா, வீட்டுக்குப் போகவா, மாடி கெடையாது'ன்னேன். அவரு ரெண்டு நாள் யோசிச்சாரு. அதுக்குள்ள கூட்டம் வந்துருச்சு."

"யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?"

"சொல்லாமயா? நேத்துக்கூட ரெண்டு பேரு எந்திரிச்சுப் போய்ட்டாங்க." பட்டின் ஓரத்தை நீவினார். "மத்தவங்க ஒக்காந்திருந்தாங்க."

இந்த முன்னேற்றத்துக்கு யார் காரணம் என்று ஒரு வைத்தியனுக்குரிய அற்ப ஆசையோடு அவருடைய புறங்கையைப் பார்த்தேன். அவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"ஊசி உங்களுது, லைட்டு மிஸ்ஸியோடது. கலரு குடுத்தது அம்மா. சரிதானே?"

"சரி" என்றேன். இந்த வரியை உங்கள் ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். எலுமிச்சையைக் கொண்டு யாரும் வைத்தியம் தொடங்கவும் வேண்டாம், என் பெயர் கெடும். ஆனால் இதற்குப் பிறகு என் அறைக்கு வந்த எந்தக் கையிடமும் வேலை என்ன என்று மட்டும் கேட்டு நான் நிறுத்தியதில்லை. வேலை முடிந்தபிறகு என்ன செய்யும் என்றும் கேட்டேன். ஊறுகாய் போடும் கைகள், மல்லிகைச் செடியோடு சண்டை போடும் கைகள், மிருதங்கம் தட்டும் ஒரு வங்கி மேலாளரின் கைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தன. என்னையே பார்த்து "ஏன் டாக்டர் மத்தவங்க வீட்டு விஷயமெல்லாம் கேக்குறீங்க" என்றவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல மிஸ்ஸி கிரேஸ் இருந்தார்.

மனைவி மயில்நிறப் பட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புடவைக் கடையில் எல்லாரும் கேட்கும் கேள்வியை அவளும் கேட்டாள். "சாயம் போகுமா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு எதிரே விரிந்திருந்த கைகள் கண்ணில் பட்டன. அவள் முகம் மாறியது. நான் ஏதாவது சொல்லி நிலைமையைக் கெடுப்பதற்குள் தனம் இரண்டு கையையும் பட்டின்மேல் நன்றாக விரித்து வைத்தார், விரல் நுனிவரை தெரியும்படி.

"அக்கா, சாயம் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "இது போகாது."

வாங்கினோம். போகவில்லை.